நாடகத்துக்கு ஆள் வரவழைப்பது எப்படி? டர்பன் குழு ஒன்றின் கேள்வி

#1 அரிதாரம் (டர்பன்)

வணக்கம் நண்பர்களே. எங்கள் குழு அடுத்த நாடகத்துக்கு ஒத்திகையைத் தொடங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. வசனம் தமிழில், மேடைக்கு மேலே திரையில் ஆங்கில வரிகள் ஓடும். வெள்ளி, சனி இரவுகளில் ஒவ்வொன்று, ஞாயிறு பிற்பகல் ஒன்று என மூன்று காட்சிகள் போட நினைக்கிறோம்.

எழுத்தையும் நடிப்பையும் ஒத்திகையில் பார்த்துக்கொள்வோம். நான் கேட்க வந்தது ஆள் சேர்ப்பதைப் பற்றி. இங்குள்ள சிறு குழுக்களுக்கெல்லாம் நடப்பது ஒன்றுதான். முதல் காட்சிக்கு நடிகர்களின் அம்மா, அப்பா, சித்தப்பா, அலுவலக நண்பர்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். இரண்டாவது காட்சியில் பாதி இருக்கை காலி. மூன்றாவதில் இன்னும் குறைவு. நடிகர்களுக்குத் தெரிந்தவர்கள் தீர்ந்ததும் பார்வையாளர்களும் தீர்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் யாருக்கும் உறவில்லாத ஒருவர் 120 ராண்ட் கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து உட்கார வேண்டும். அடுத்த நாடகத்துக்கும் அவரே திரும்பி வர வேண்டும். போஸ்டர், ஃபேஸ்புக் எல்லாம் ஏற்கெனவே செய்கிறோம். அதற்கு மேல் என்ன செய்யலாம்?

#2 பழைய நேட்டால்காரர் (சாட்ஸ்வொர்த்)

தம்பி, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பழைய கதை உதவும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலும் அடுத்தடுத்த கப்பல்களிலும் வந்தவர்களோடு தெருக்கூத்தும் வந்தது. இங்கே அதற்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர். கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும். பொழுது சாய்ந்ததும் களரி கட்டுவார்கள். மிருதங்கமும் தாளமும் முழங்கும்போதே வீடுகளில் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

ஆனால் மிருதங்கச் சத்தம் மட்டும் அவர்களைக் கிளப்பவில்லை. கூத்துக்குப் பணம் கொடுத்தது அவர்கள்தான். கோயில் கமிட்டிக்காரர் வீடு வீடாக வந்து நன்கொடை வாங்கியிருப்பார். வேடம் கட்டுபவர் அடுத்த பாரக்கில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இருப்பவர். ஆகவே அது 'நம்ம கூத்து'. யாரும் தனியாளாக வருவதில்லை. ஒரு வீடு, ஒரு தெரு, ஒரு கோயில் என்று கூட்டமாகத்தான் வருவார்கள்.

அப்புறம் 1960களைப் பாருங்கள். அப்போது இன ஒதுக்கல் ஆட்சி. 1965இல் வந்த அரசாணை வெவ்வேறு இனத்தார் ஒரே அரங்கில் சேர்ந்து உட்காருவதையே தடுத்தது. இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து மக்களைப் பிய்த்தெடுத்து இங்கே சாட்ஸ்வொர்த்தில் போட்டார்கள். அந்தக் காலத்தில்தான் ஷா தியேட்டர் அகாடமி என்ற நாடகக் குழு, நாடகாசிரியர்கள் ரோனி கோவிந்தர், முத்தல் நாயுடு போன்றவர்கள் நாடகம் போட்டார்கள். கோவிந்தரின் பாத்திரங்கள் நம் தெருவில் பேசுகிற அதே இங்கிலீஷைப் பேசின. பெரிய அரங்கு கிடைக்காவிட்டால் பள்ளி மண்டபம் போதும் என்று நாடகங்கள் நடந்தன. ஒரு பள்ளிக் கமிட்டியோ கால்பந்துச் சங்கமோ ஒரு காட்சியை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். டிக்கெட்டை அவர்களே கொஞ்சம் கூட்டி விற்பார்கள். லாபம் அவர்களுக்கு, நிறைந்த அரங்கு நாடகக்காரருக்கு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: டிக்கெட் வாங்குபவரைத் தேடாதே. இருபது பேரைக் கூட்டி வருபவரைத் தேடு.

#3 எக்செல் தம்பி (ஜோஹன்னஸ்பர்க்)

ஐயா சொன்னது அருமை. கூடவே ஒன்று. இந்த நாட்டுக்கு டிக்கெட் விற்பனையில் ஒரு பெருமை உண்டு. 1971இல் பெர்சி டக்கர் ஜோஹன்னஸ்பர்க்கில் தொடங்கிய கம்ப்யூட்டிக்கெட் உலகில் முதன்முதலாக வந்த கணினிவழி அரங்க முன்பதிவுகளில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நம் குழுக்கள் இன்னும் டிக்கெட் புத்தகத்தை நடிகர்களிடம் பிரித்துக் கொடுத்து, கடைசி நாளில் எவ்வளவு விற்றது என்று ஃபோன் போட்டுக் கேட்கின்றன.

கையில் விற்பதைக் குறை சொல்லவில்லை. ஐயா சொன்ன கூட்டி வருபவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் யார் வாங்கினார்கள் என்ற குறிப்பு எங்கேயும் இருப்பதில்லை. வெப்டிக்கெட்ஸ், குவிக்கெட் போன்ற இணையதளங்களில் போட்டால் வாங்கியவர் பெயர், மின்னஞ்சல், எந்த நாளில் வாங்கினார், எத்தனை இருக்கை என்பதெல்லாம் தானாகச் சேரும். கைப்புத்தகத்தில் விற்றாலும் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடலாம். மூன்று நாடகம் முடிந்தபின் அந்தப் பட்டியலைப் பார்த்தால், இரண்டு முறை வந்தவர் யார், ஒரே தடவையில் எட்டு டிக்கெட் வாங்கியவர் யார் என்று தெரியும். எட்டு வாங்கியவருக்கு அடுத்த முறை முதலில் ஃபோன் செய்ய வேண்டும். பேஸ்புக் விளம்பரத்துக்கு 2,000 ராண்ட் கொடுப்பதைவிட அந்த ஒரு ஃபோனுக்குப் பலன் அதிகம்.

அரிதாரம் அண்ணா, உங்களிடம் கடந்த நாடகங்களின் பட்டியல் இருக்கிறதா?

#4 அரிதாரம் (டர்பன்)

கொஞ்சம் இருக்கிறது. சனிக்கிழமை டிக்கெட்டுகள் மட்டும் இணையத்தில் விற்றோம். இன்றிரவே எடுத்துப் பார்க்கிறேன்.

#5 மேடைப்பித்தன் (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

அரங்கு காலியாக இருந்தால் நடிகர்களுக்கு மனம் உடைந்துவிடும். கடைசி வாரத்தில் மிச்ச டிக்கெட்டை எல்லாம் இலவசமாகக் கொடுத்துவிடுங்கள். வந்து பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள். வாய்வழிச் செய்திதானே நாடகத்துக்கு உயிர்?

#6 கணக்குப்பிள்ளை (உம்லாங்கா)

மேடைப்பித்தன், வாய்வழிச் செய்தி பற்றிச் சொன்னதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். ஓசி டிக்கெட்டை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓசியில் வாங்கியவர் மழை தூறினால் வரமாட்டார். நூறு பேருக்குக் கொடுத்து நூறு இருக்கையை அடைத்து வைத்திருப்போம்; வருவது எத்தனை பேர் என்று திரை தூக்கும்வரை தெரியாது. அதைவிடக் கெடுதல், போன வாரமே 120 ராண்ட் கொடுத்து வாங்கியவர் பக்கத்து இருக்கைக்காரர் ஓசி என்று தெரிந்துகொள்வது. அடுத்த நாடகத்துக்கு அவர் கடைசி வாரம்வரை காத்திருப்பார். முன்கூட்டி வாங்குகிற நல்ல பழக்கத்தை நாமே அழிக்கிறோம்.

விலையைக் குறைப்பது வேறு விஷயம். நியூயார்க்கில் 1973 முதல் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு சாவடி இருக்கிறது. அன்றைய நாடகங்களில் மீந்த இருக்கைகளைப் பாதி விலைவரை குறைத்து அங்கே விற்பார்கள். வேண்டுபவர் நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டும், எந்த நாடகம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே முழு விலை கொடுப்பவர் ஏமாந்ததாக நினைப்பதில்லை. குறைந்த விலைக்கு ஒரு காரணம் வெளிப்படையாகத் தெரிகிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்: மாணவர் விலை, ஓய்வூதியர் விலை, ஆரம்பத்திலேயே வாங்குபவர் விலை. கடைசி நேரக் கழிவு மட்டும் கூடவே கூடாது.

#7 பெர்னாட்டி அக்கா (மொரீஷியஸ்)

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு அரசே மேடை போட்டுக் கொடுக்கிறது. கலை, பண்பாட்டு அமைச்சகம் ஒவ்வொரு மொழிக்கும் தேசிய நாடக விழா நடத்துகிறது; தமிழுக்கும் உண்டு. போட்டிக்காகவே வருடம் தவறாமல் புதிய தமிழ் நாடகங்கள் எழுதப்படுகின்றன. அதற்கு நான் நன்றியுள்ளவள். இளைஞர்கள் தமிழில் பேசி நடிக்க அதைவிட நல்ல வாய்ப்பு எங்களுக்கு இல்லை.

ஆனால் பார்வையாளர் வளர்ந்தார்களா என்று கேட்டால், இல்லை. போட்டிக்கு நுழைவு இலவசம், தேதி அரசு வைப்பது, விளம்பரம் அரசு செய்வது. குழுக்கள் நடுவர்களை மனதில் வைத்துத் தயாரிக்கின்றன. அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்து மேடையேறப் போகிறவர்களும் அவர்களின் வீட்டாரும்தான். பரிசு வாங்கிய நாடகம்கூட இரண்டாவது முறை மேடை ஏறுவது அபூர்வம். மாதக்கணக்கில் உழைத்த ஒன்று ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

நீங்கள் டிக்கெட் விற்கக் கஷ்டப்படுவதாகச் சொல்கிறீர்கள். அந்தக் கஷ்டத்தில்தான் பார்வையாளர் யாரென்று உங்களுக்குத் தெரியவருகிறது. மானியம் கிடைத்தாலும் டிக்கெட் விற்பதை நிறுத்தாதீர்கள்.

#8 மயிலை வாசகன் (சென்னை)

சென்னையின் சபா முறையை இங்கே யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், நானே சொல்லிவிடுகிறேன். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கிய காலத்திலிருந்தே இங்கே சங்கம் வைத்து நாடகம் பார்க்கிற வழக்கம் உண்டு. பின்னால் மயிலாப்பூர், தி.நகர், நங்கநல்லூர் என்று பேட்டைக்கு ஒரு சபா வந்தது. உறுப்பினர் வருடச் சந்தா கட்டுவார். சபா நாடகக் குழுவுக்கு ஒரு தொகை பேசி ஒரு மாலையை வாங்கும். குழு டிக்கெட் விற்கவே தேவையில்லை. 1960களில் மேடை நாடகங்கள் அவ்வளவு பெருகியதற்கு இது பெரிய காரணம். சினிமாவுக்குப் போன பல இயக்குநர்களும் நடிகர்களும் இந்த மேடைகளில்தான் பழகினார்கள்.

அமெரிக்காவிலும் டேனி நியூமன் என்பவர் சிகாகோ லிரிக் ஓபராவில் இருந்துகொண்டு இதையேதான் நாடு முழுக்கப் பரப்பினார். தனித்தனி டிக்கெட் விற்று மாளாது, பருவம் முழுமைக்கும் ஒரே சந்தாவாக விற்றுவிடு என்பது அவர் வாதம்.

சந்தா முறையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. பிறகு வீட்டுக்குள்ளேயே நாடகம் ஓடத் தொடங்கியதும் சபாவுக்குப் புதிய உறுப்பினர் வருவது குறைந்தது. இருந்தவர்கள் முதுமை அடைந்தார்கள். அவர்களுக்குப் பிடித்ததையே குழுக்கள் திரும்பத் திரும்பப் போட்டன: வரவேற்பறை செட், குடும்பக் கதை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஜோக். இளைஞர்களுக்கு அதில் இடமே இல்லாமல் போயிற்று. உறுதியான பார்வையாளர் கிடைத்துவிட்டால் புதியவரைத் தேடுகிற பசி போய்விடுகிறது. இதை நான் என் ஊரிலேயே கண்ணால் பார்த்தேன்.

தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகம் வேறு வழியில் போனது. ஊர்க்காரர்கள் திருவிழாவுக்காக நடிகர்களை ஒவ்வொருவராகப் பேசி வரவழைப்பார்கள். நோட்டீஸைப் பார்த்திருக்கிறீர்களா? ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவர் படமும், பெயரும், எந்த ஊர் என்பதும் இருக்கும். செலவை ஏற்றுக்கொண்டவர்கள் பெயரும் அதே நோட்டீஸில் உண்டு. தன் பெயர் அச்சில் வந்தவர் தன் சுற்றத்தையே அழைத்து வருவார். உங்கள் சாட்ஸ்வொர்த் ஐயா சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

#9 வெருலம் பெண் (வெருலம்)

எல்லோரும் விலையும் சந்தாவும் பேசுகிறீர்கள். வீட்டைவிட்டு ஒரு குடும்பம் கிளம்புவதற்கு என்னென்ன வேண்டும் என்று யாரும் பேசவில்லையே?

நான் பாடல் வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் வருகிற அம்மாக்களும் பாட்டிகளும் நாடகம் என்றால் உயிரை விடுவார்கள். வெள்ளி இரவு 7.30க்கு நகரத்தின் நடுவில் என்றால் ஒருவர்கூட வரமாட்டார். இரவில் காரை எங்கே நிறுத்துவது? வெளியே வரும்போது மணி பத்தாகிவிடும், பத்திரமாக யார் கூட்டிப் போவது? கண் புரை உள்ளவர்கள் இரவில் வண்டி ஓட்ட மாட்டார்கள். பேருந்தும் கிடையாது. ஞாயிறு பிற்பகல் 3 மணி என்றால் இதே ஆட்கள் லிஃப்ட் கிளப் போட்டு நான்கு காரில் வந்து இறங்குவார்கள். உங்கள் ஞாயிறு காட்சி காலியாக இருந்தது என்றால், அந்தக் காட்சியைப் பற்றி இவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

தேதியையும் நம் நாட்காட்டியைப் பார்த்து வையுங்கள். தைப்பூசக் காவடி, ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி, புரட்டாசி விரதம், தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், இதெல்லாம் ஏற்கெனவே நிறைந்த நாட்கள். புரட்டாசிச் சனிக்கிழமையில் நாடகம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்திப் பயனில்லை. ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரியும்தானே? ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், நகரமே நெருக்கும். டிசம்பரில் ஜோபர்க் சொந்தங்கள் கடற்கரைக்கு வந்து வீட்டில் தங்குகிறார்கள். அப்போது எங்கே கூட்டிப் போவது என்று நாங்களே தேடுவோம். அதை ஏன் ஒருவரும் பயன்படுத்துவதில்லை?

கடைசியாகக் கழிப்பறை. படி ஏறாமல் போகக்கூடிய கழிப்பறை இருக்கிறது என்று நோட்டீஸில் ஒரு வரி போடுங்கள். பாட்டிகள் முதலில் கேட்பது அதைத்தான்.

#10 கணக்குப்பிள்ளை (உம்லாங்கா)

வெருலம் அக்கா எழுதியதை எல்லாக் குழுக்களும் அச்செடுத்து ஒத்திகை அறையில் ஒட்ட வேண்டும்.

#11 மூன்றாம் தலைமுறை (ஃபீனிக்ஸ்)

நான் தமிழைப் பெரியவளான பிறகு கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதில் இங்கே பெரும்பாலோருக்கு வீட்டுமொழி ஆங்கிலம். தமிழ் நாடகம் என்று போஸ்டரைப் பார்த்ததும், இது நமக்குப் புரியாது என்று கடந்துபோய்விடுவோம். ஆங்கில வரிகள் ஓடும் என்பது போஸ்டரின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பெரிதாக மேலே போடுங்கள்.

இன்னொன்று என் மனதில் நெடுநாளாக இருப்பது. நம் போஸ்டர்களில் எப்போதும் 'நம் மொழியைக் காப்போம், பண்பாட்டைப் போற்றுவோம்' என்று இருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்குப் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல் நிற்கிற உணர்வு வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை யாரும் கடமையைச் செய்யக் கிளம்புவதில்லை. நாடகத்தில் என்ன நடக்கிறது? கரும்புத் தோட்டத்தில் ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் எதை மறைத்து வைத்தாள்? அதைச் சொல்லுங்கள். எனக்கு அந்தப் பெண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால், மொழியைத் தேடி நானே வருவேன்.

டர்பனில் 1860 பாரம்பரிய மையத்துக்கு வந்து தங்கள் முன்னோர் எந்தக் கப்பலில் வந்தார்கள், என்ன எண் என்று தேடுகிற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ் பேசாதவர்கள்தான் அவர்கள். உங்கள் நாடகத்துக்கு அவர்களைவிடப் பொருத்தமான பார்வையாளர் உண்டா?

#12 பழைய நேட்டால்காரர் (சாட்ஸ்வொர்த்)

மகளே, நன்றாக எழுதுகிறாய். தயங்காமல் எழுது. போஸ்டர் பற்றி நீ சொன்னதை எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

#13 மேடைப்பித்தன் (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

மேலே ஓடும் வரிகள் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கண் திரைக்குப் போனால் நடிகனின் முகத்தைப் பார்ப்பது யார்? நகைச்சுவை வசனத்தை நடிகர் சொல்வதற்கு முன்பே படித்துச் சிரித்துவிடுகிறார்கள். வசனத்தையே பாதி ஆங்கிலமாக மாற்றினால் என்ன? வீட்டில் நாம் அப்படித்தானே பேசுகிறோம்?

#14 அரிதாரம் (டர்பன்)

அண்ணா, முதல் தலைமுறைப் பாத்திரங்கள் ஆங்கிலம் பேசினால் கதையே பொய்யாகிவிடும். பேரப்பிள்ளை பாத்திரங்கள் ஆங்கிலம் கலந்துதான் பேசுகிறார்கள்.

முந்திச் சிரிக்கும் சிக்கல் உண்மை. வரிகளை ஓட்டுபவர் ஒத்திகைக்கே வராமல் கடைசி நாளில் வந்து பொத்தானை அழுத்துவதால்தான் அது நடக்கிறது. இம்முறை அவரும் நடிகரைப் போலவே முழு ஒத்திகையிலும் உட்காருகிறார். வரிகளையும் சுருக்குகிறோம். முழு வசனத்தையும் மொழிபெயர்க்காமல், கதையைப் பின்தொடரப் போதுமானதை மட்டும் போடுவோம்.

#15 எக்செல் தம்பி (ஜோஹன்னஸ்பர்க்)

வாட்ஸ்அப் பற்றி ஓர் எச்சரிக்கை. யாரோ ஒருவர் திருமண அழைப்புப் பட்டியலில் இருந்த எண்களை எல்லாம் எடுத்து நாடக விளம்பரம் அனுப்புவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது போப்பியா, 2021 ஜூலை முதல் நடைமுறையில் கண்டிப்பாக இருக்கிறது. அதன் 69ஆம் பிரிவின்படி முன்பின் தெரியாதவருக்கு மின்னணு வழியில் விளம்பரம் அனுப்ப அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்பதற்காக ஒரே ஒரு முறை தொடர்புகொள்ளலாம். ஏற்கெனவே உங்களிடம் டிக்கெட் வாங்கியவர் என்றால், வாங்கும்போது கொடுத்த எண்ணுக்கு அடுத்த நாடகத்தைப் பற்றி அனுப்பலாம். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒவ்வொரு முறையும் வழி இருக்க வேண்டும்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சம்மதித்துச் சேர்ந்த 200 பேர், சேர்க்கப்பட்ட 2,000 பேரைவிட நமக்கு மேல். அரங்க வாசலில் ஒரு மேசை போட்டு, 'அடுத்த நாடகத்துக்குச் சொல்லட்டுமா?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

#16 கணக்குப்பிள்ளை (உம்லாங்கா)

இனி என் பங்குக்குப் பணக் கணக்கு.

1966இல் பாமோல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் நாடகம், இசை போன்ற மேடைக் கலைகளின் செலவை ஆராய்ந்தார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் அதே ஆட்கள் கூடுதலாக உற்பத்தி செய்வார்கள். நாடகத்தில் அது முடியாது. பத்துப் பாத்திரத்துக்கு அன்றும் பத்துப் பேர், இன்றும் பத்துப் பேர். மற்ற துறைகளில் சம்பளம் ஏற ஏற இங்கேயும் செலவு ஏறும். வருமானம் அதே வேகத்தில் ஏறாது. ஆகவே டிக்கெட் வசூலை மட்டும் நம்பி நாடகக்குழு நிற்பது உலகம் முழுக்கவே கடினம். இதைத் தெரிந்துகொண்டால் குழுவுக்குள் ஒருவரை ஒருவர் குறைசொல்வது குறையும்.

அரங்கின் அளவை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். டர்பன் பிளேஹவுஸ் ஓபரா அரங்கில் 1,200க்கும் மேல் இருக்கைகள். பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்திலுள்ள எலிசபெத் ஸ்னெடன் அரங்கில் ஏறக்குறைய 450. 300 பேர் வரக்கூடிய நாடகத்தை முதல் அரங்கில் போட்டால் வந்தவர்களே சங்கடப்படுவார்கள்; நாடகம் தோற்றது என்ற பேச்சும் பரவும். அதே 300 பேர் ஸ்னெடனில் உட்கார்ந்தால் கலகலப்பாக இருக்கும். 150 பேர் கொள்ளும் மண்டபத்தில் இரண்டு காட்சி போட்டு இரண்டும் நிறைந்தால் அதைவிடச் சிறப்பு. 'டிக்கெட் கிடைக்கவில்லை' என்று ஒருவர் சொல்லித் திரிவதைப்போல் ஒரு விளம்பரம் காசுக்குக் கிடைக்காது.

ஆகவே மூன்று காட்சி வேண்டாம், இரண்டு போதும் என்பேன். வெள்ளியை விடுங்கள். சனி மாலை ஆறு மணி, ஞாயிறு மூன்று மணி. நிறைந்தால் அடுத்த வாரம் இன்னொன்று சேர்க்கலாம். அரங்கக்காரரிடம் அந்தத் தேதியை இப்போதே வாய்மொழியாகப் பேசி வையுங்கள்.

#17 பெர்னாட்டி அக்கா (மொரீஷியஸ்)

வானொலியை மறந்துவிட்டீர்களே. உங்களுக்கு 1983லிருந்து லோட்டஸ் எஃப்.எம். இருக்கிறது. பெரியவர்கள் வீட்டில் காலையிலிருந்து அது ஓடும் என்று உறவினர்கள் சொல்வார்கள். விளம்பரம் வாங்கப் பணம் வேண்டும். ஆனால் பேட்டிக்குப் பணம் வேண்டாம். நாடகம் வருகிறது என்று போனால் இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். கரும்புத் தோட்டக் கடிதம் ஒன்றையோ தாலாட்டு ஒன்றையோ நடிகை நேரலையில் பேசி, பாடிக் காட்டினால் அரைமணி நேரமும் கொடுப்பார்கள்.

#18 பழைய நேட்டால்காரர் (சாட்ஸ்வொர்த்)

ஆமாம் அம்மா. அதே மாதிரி போஸ்ட் வார இதழுக்கும், வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும் சாட்ஸ்வொர்த் ரைசிங் சன் போன்ற வட்டார இதழ்களுக்கும் நல்ல படம் ஒன்று அனுப்ப வேண்டும். குழுவே வரிசையாக நின்று எடுத்த படம் வேண்டாம். ஒரு முகம், ஒரு பார்வை உள்ள படம். பாட்டி வேடம் போடும் பெண் எந்தப் பேட்டையோ அந்தப் பேட்டை இதழுக்கு அவர் கதையையே செய்தியாகக் கொடுங்கள்.

#19 மயிலை வாசகன் (சென்னை)

இரண்டாவது முறை வருவதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை; அரிதாரம் முதலில் கேட்டது அதையும்தான்.

முதல்முறை வந்தவருக்கு நாடகம் பிடித்தும் திரும்பி வராமல் போவதற்கு முக்கியக் காரணம், அடுத்தது எப்போது என்று அவருக்குத் தெரியாததுதான். நாடகம் முடிந்து விளக்கு ஏறி, மனம் நெகிழ்ந்து நிற்கிற அந்தப் பத்து நிமிடம் பொன்னானது. நம் குழுக்கள் அந்த நேரத்தில் என்ன செய்கின்றன? பொன்னாடை போர்த்தி, பிரமுகர்களைப் பேசவிட்டு, பார்வையாளரை வாசலைப் பார்க்க வைக்கின்றன. பேச்சுகளை எடுத்துவிடுங்கள். இயக்குநர் ஒரு நிமிடம் மேடைக்கு வந்து, அடுத்த நாடகத்தின் பெயரும் தேதியும் சொல்லட்டும். வெளியே அதற்கான டிக்கெட் விற்பனைக்கு இருக்கட்டும். நடிகர்கள் வேடத்தோடு தேநீர் மேசைக்கு வந்து நிற்கட்டும். பாட்டி வேடம் போட்டவரிடம் ஒரு நிஜப் பாட்டி வந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால், அந்தக் குடும்பம் உங்கள் குழுவை விடாது.

அடுத்த நாடகம் ஒரு வருடம் கழித்துத்தானா? நடுவில் சிறிதாக ஏதாவது செய்யுங்கள். நாடக வாசிப்பு, பாடல் மாலை, ஒத்திகையைத் திறந்துவிடுவது, எதுவானாலும் சரி. பார்வையாளர் நாடகத்துக்கும் நாடகத்துக்கும் நடுவில்தான் உருவாகிறார்கள்.

#20 அரிதாரம் (டர்பன்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று குழுவாக உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் வாசித்தோம். சனிக்கிழமைப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். எக்செல் தம்பி சொன்னது சரி: ஆறு இருக்கைக்கு மேல் வாங்கிய சிலர் எங்கள் யாருக்கும் உறவே இல்லை. ஒருவர் நெசவு வகுப்பு நடத்துகிறார், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இதுவரை நாங்கள் இவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இந்த வாரம் ஒவ்வொருவருக்கும் நானே ஃபோன் செய்கிறேன்.

வெள்ளிக் காட்சியை எடுத்துவிட்டோம். சனி ஆறு மணி, ஞாயிறு மூன்று மணி. புரட்டாசி முடிந்து, தீபாவளி நெரிசலுக்கு எட்டாத தேதியாகப் பார்க்கிறோம். இருபது பேரைச் சேர்ப்பவருக்கு இரண்டு இருக்கை எங்கள் அன்பளிப்பு. அவர்கள் பெயரும் சங்கத்தின் பெயரும் நிகழ்ச்சித் தாளில் வரும். ஒரு கோயில் கமிட்டி ஞாயிறு காட்சியில் பாதியை மொத்தமாக எடுத்து, தங்கள் கட்டட நிதிக்கு விற்பதாகப் பேச்சு நடக்கிறது. போஸ்டர் வாசகத்தை மூன்றாம் தலைமுறை எழுதித் தர முடியுமா? உண்மையாகவே கேட்கிறேன்.

#21 மூன்றாம் தலைமுறை (ஃபீனிக்ஸ்)

எழுதுகிறேன். முதலில் ஒத்திகைக்கு வந்து அந்தப் பெண் எதை மறைத்து வைத்தாள் என்று பார்க்க வேண்டும். எந்த நாள் வரலாம்?

#22 அரிதாரம் (டர்பன்)

வியாழன் மாலை ஆறு மணிக்கு வாருங்கள். இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

#23 வெருலம் பெண் (வெருலம்)

ஞாயிறு காட்சிக்கு எங்கள் பாடல் வகுப்பிலிருந்து இப்போதைக்கு 22 பேர். பட்டியலை நாளை அனுப்புகிறேன். ஐந்து பேருக்கு முழங்கால் வலி, அவர்களுக்குப் படியில்லாத பக்கமாக வழியோரம் இருக்கை ஒதுக்குங்கள். தேநீருக்குப் பலகாரம் நாங்கள் செய்து கொண்டுவருகிறோம், மண்டபத்தில் வெளிச் சாப்பாடு அனுமதி உண்டா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.